8 டிபி டிஸ்க்கை நான்காக வெட்டலாமா?

13 ஆகஸ்ட் 2022, காலை

வந்த கேள்வி இது: "அண்ணா, வீட்டில் ராஸ்பெரி பை 4 வைத்து ஒரு நாஸ் ஓடுகிறது. அதற்கு பேக்கப் எடுக்க 8 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க் வாங்கினேன். 2 டிபிக்கு மேல் ஒரே பார்ட்டிஷனாக வைத்தால் டேட்டா போய்விடும், நான்காக வெட்டிக்கொள் என்கிறார் கடைக்காரர். உண்மையா? எக்ஸ்ஃபேட் போடவா, என்டிஎஃப்எஸ் போடவா, ஈஎக்ஸ்டி4 போடவா?"

புதியவர்களுக்கு: ராஸ்பெரி பை என்பது உள்ளங்கை அளவு கணினி. நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான கோப்புக் கிடங்கு. பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கில் வெட்டிய ஒரு துண்டு. கடைசியில் கேட்ட மூன்றும் ஃபைல் சிஸ்டம்கள், அதாவது துண்டுக்குள் கோப்புகளை அடுக்கும் முறைகள்: எக்ஸ்ஃபேட் எங்கும் திறக்கும், என்டிஎஃப்எஸ் விண்டோஸுடையது, ஈஎக்ஸ்டி4 லினக்ஸுடையது.

கடைக்காரர் சொல்வதில் ஒரு பழைய உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று டிஸ்க்கிலேயே எழுதி வைக்கும் அட்டவணைதான் பார்ட்டிஷன் டேபிள். எம்பிஆர் என்ற பழைய டேபிளில் செக்டார் (டிஸ்க்கின் மிகச் சின்னக் கட்டம்) எண் எழுத 32 பிட்தான் இடம். செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 2.2 டிபியோடு கணக்கு முடிந்தது. ஆனால் அதற்கு மருந்து வெட்டுவது இல்லை. நான்காக வெட்டினாலும் மூன்றாவது துண்டு எங்கே தொடங்குகிறது என்பதைக்கூட அந்த டேபிளில் எழுத முடியாது. ஜிபிடி என்ற புது வகை டேபிள் போட்டால் 64 பிட். இந்தத் தலைவலியே கிடையாது.

என் பதில்: ஜிபிடி, ஒரே பார்ட்டிஷன், ஈஎக்ஸ்டி4. இவ்வளவு பெரிய டிஸ்க் பெரும்பாலும் பெட்டியிலிருந்து வரும்போதே ஜிபிடியில் ஒரே பார்ட்டிஷனோடுதான் வரும். டேபிளைத் தொடவே வேண்டாம். இருக்கிற பார்ட்டிஷன் மேலேயே ஈஎக்ஸ்டி4 அடித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

(மார்ச் 2023இல் சேர்த்தது: மேலே கடைசி நான்கு வாக்கியங்களை நம்பாதீர்கள். நான் நம்பிப் பட்டது கீழே இருக்கிறது.)

13 ஆகஸ்ட் 2022, இரவு

"எக்ஸ்ஃபேட் போட்டால் எல்லா இடத்திலும் திறக்குமே, அதில் என்ன குறை" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

திறக்கும். கேமரா கார்டுக்கும் பென் டிரைவுக்கும் நானும் அதைத்தான் போடுகிறேன். பேக்கப் டிஸ்க்குக்கு ஏன் வேண்டாம் என்றால், முதலாவது, அதில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் குறிப்பேடு) இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எது பாதியில் நின்றது என்று அதற்கே தெரியாது. எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. இரண்டும் சேரக்கூடாது.

இரண்டாவது, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலில் ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) வைத்து தினமும் ஒரு முழு நகல் போலக் காட்டும் வித்தை இருக்கிறதே, மாறாத கோப்பைத் திரும்ப எழுதாமல் பழைய நகலையே சுட்டும், அது எக்ஸ்ஃபேட்டில் நடக்காது. லினக்ஸ் உரிமையாளர், அனுமதி விவரங்களும் அதில் தங்காது.

மூன்றாவது யாரும் சொல்லாதது. பெரிய டிஸ்க்கை விண்டோஸில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால், நீங்கள் மாற்றாதவரை கிளஸ்டர் (ஒரு கோப்புக்கு ஒதுக்கும் குறைந்தபட்ச இடம்) அளவு 128 கேபி. 3 கேபி மெயில் கோப்பு ஒன்றும் 128 கேபியைப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். என் பழைய மெயில் ஃபோல்டரில் ஏறக்குறைய 2 லட்சம் சின்னக் கோப்புகள். மொத்தமே 600 எம்பிதான். எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் அது 25 ஜிபியைத் தின்றது. காலி தீப்பெட்டியைக் கொண்டுபோய்க் கல்யாண மண்டபம் முழுக்க அடுக்கியது போல.

என்டிஎஃப்எஸ்ஸில் ஜர்னல் உண்டு, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராஸ்பெரி பையில் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற பழைய டிரைவர் வழியாக எழுதும்போது சிபியு மூச்சு வாங்குகிறது. 2021இல் வந்த லினக்ஸ் கெர்னல் 5.15இல் புது டிரைவர் சேர்ந்திருக்கிறது, அது வேகம்தான். இருந்தாலும் என்டிஎஃப்எஸ் உடைந்தால் ஒழுங்காகச் சரிசெய்ய விண்டோஸ் வேண்டும். நாஸ் லினக்ஸ், பேக்கப் மருத்துவர் மட்டும் விண்டோஸ் என்பது எனக்கு ஒத்துவரவில்லை.

14 ஆகஸ்ட் 2022

"8 டிபி வாங்கினேன், 7.27 தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்களா?" இல்லை. பெட்டியில் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், கணினி 1024ஆகப் பெருக்குகிறது.

ஈஎக்ஸ்டி4 போட்டவர்களிடம் இன்னொரு 5 சதவீதம் காணாமல் போயிருக்கும். அது ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்கென்று ஒதுக்கி வைப்பது. சிஸ்டம் டிஸ்க்குக்கு நல்லது, வெறும் பேக்கப் டிஸ்க்குக்குத் தேவையில்லை. 8 டிபியில் 5 சதவீதம் என்றால் 400 ஜிபி. டியூன்2எஃப்எஸ் கட்டளையில் அதை 0 ஆக்கினால் இடம் உடனே திரும்ப வந்துவிடும். திரும்ப ஃபார்மட் செய்ய வேண்டியதில்லை.

16 ஆகஸ்ட் 2022

கேள்வி கேட்ட தம்பியின் டிஸ்க் நடு இரவில் காணாமல் போய்க் காலையில் வேறு பெயரில் வந்து நிற்கிறதாம். முதலில் பவர் என்று சொன்னேன். பை 4இன் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். என் 2.5 அங்குல 4 டிபி டிஸ்க் தனியாக அதைத் தின்றுவிடும். சுழல ஆரம்பிக்கும்போது "க்ளிக்" என்று ஒரு சத்தம், பிறகு அமைதி. தனி பவர் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்கியபின்தான் அடங்கியது.

ஆனால் அவருடையது 3.5 அங்குலம், தனி அடாப்டரோடு வந்தது. என் வைத்தியம் அங்கே செல்லாது. பேசிப் பார்த்ததில் தெரிந்தது: அடாப்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண்சிமிட்டலில் பை தாங்கிவிடுகிறது, டிஸ்க் தாங்கவில்லை. சின்ன யூபிஎஸ் ஒன்று நடுவில் வைக்கச் சொன்னேன். ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பெயர் மாறுவதற்கு மருந்து வேறு. டிஸ்க்குக்கு லினக்ஸ் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் வருகிற வரிசையில் கிடைப்பவை, பேருந்தில் சீட் கிடைப்பது போல. எஃப்எஸ்டேப்பில் (எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று லினக்ஸ் பார்க்கும் பட்டியல்) பெயருக்குப் பதில் யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் மாறாத அடையாள எண்) போட்டுக்கொள்ளுங்கள். ஃபார்மட் அடிக்கும் முன் மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் நம்பித் தப்பான டிஸ்க்கை ஃபார்மட் செய்தவர்கள் ஒரு தனிச் சங்கமே வைக்கலாம். நான் பொருளாளராக இருக்கத் தயார்.

28 ஆகஸ்ட் 2022

யூபிஎஸ் வைத்தபின் டிஸ்க் நிற்கிறதாம். நல்லது.

புது டிஸ்க்கை நம்புமுன் சோதிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு: நான் பேட்பிளாக்ஸ் என்ற சோதனை நிரலை ஓட்டுவேன். எழுதிச் சோதிக்கும் முறையில் நான்கு விதமான வடிவங்களை முழு டிஸ்க்கிலும் எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படிக்கும். உள்ளே இருப்பது எல்லாம் அழியும், எனவே காலி டிஸ்க்கில் மட்டும். நொடிக்கு 150 எம்பி என்று வைத்தால் 8 டிபியை ஒருமுறை கடக்கவே 15 மணி நேரம் ஆகிறது. அதை எட்டால் பெருக்குங்கள். ஐந்து நாள். மனைவி மூன்றாம் நாள் கேட்டாள், "அது என்ன ராத்திரியெல்லாம் முனகிக்கொண்டே இருக்கிறது?"

பெரிய டிஸ்க்கில் பிளாக் அளவை 4096 என்று கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் 1024 என்று எடுத்துக்கொண்டு, எண் பெரிதாகிவிட்டது என்று கோபித்துக்கொண்டு தொடங்கவே தொடங்காது. நான் டிஸ்க் பழுது என்று நினைத்துக் கடைக்கே கிளம்பிவிட்டேன்.

பொறுமை இல்லாதவர்கள் ஸ்மார்ட் என்ற, டிஸ்க்கின் சுயபரிசோதனை வசதியில் நீண்ட சோதனையை ஓட்டிவிட்டு 5, 197, 198 என்று எண்ணிட்ட மூன்று வரிகளைப் பாருங்கள், பழுதான அல்லது சந்தேகமான செக்டார்களின் கணக்கு அவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் தூங்கப் போகலாம்.

9 அக்டோபர் 2022

இன்று என் முறை.

வெள்ளிக்கிழமை இரவு கரண்ட் போய் வந்தது. பை எழுந்தது, பேக்கப் டிஸ்க் எழவில்லை. எஃப்எஸ்டேப்பில் 'நோஃபெயில்' போட்டிருந்தேன். அது இல்லாவிட்டால் டிஸ்க் வராதபோது பை ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்காகத்தான் போட்டேன். எனவே பை சமர்த்தாக, டிஸ்க் இல்லாமலேயே எழுந்து நின்றது. இரவு 2 மணிக்கு ஆர்சிங்க்கும் சமர்த்தாக எழுந்தது. பேக்கப் என்ற ஃபோல்டர் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் டிஸ்க் இல்லை. அது வெறும் ஃபோல்டர், எஸ்டி கார்டில். 32 ஜிபி கார்டு. நிரம்பும்வரை எழுதியிருக்கிறது.

காலையில் எதுவும் திறக்கவில்லை, லாகின்கூடத் தடுமாறியது. காரணம் கண்டுபிடிக்க மதியம் ஆனது. பிரியாணி ஆறிப்போனது தனிக் கணக்கு.

இனி ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே, அந்த இடத்தில் உண்மையில் டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா, அதாவது அந்த ஃபோல்டரோடு இணைந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கும்.

11 அக்டோபர் 2022

அதைவிட நல்ல யோசனை ஒரு வாசகர் தந்தார். டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் காலி ஃபோல்டரை 'மாற்ற முடியாதது' என்று சட்டர் கட்டளையால் பூட்டிவிட வேண்டும். அப்புறம் ரூட்டே வந்தாலும் அதில் எழுத முடியாது. டிஸ்க் வந்து மேலே ஏறிக்கொண்டால் டிஸ்க்கின் சொந்த அனுமதிகள்தான் பேசும், எழுதலாம். ஸ்கிரிப்ட்டில் நான் மறந்தாலும் ஃபோல்டர் மறக்காது. இரண்டையும் போட்டுவிட்டேன்.

5 மார்ச் 2023

மச்சான் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். தங்கச்சி கல்யாண வீடியோ வேண்டும் என்றார். "பேக்கப் டிஸ்க்கில் இருக்கிறது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நான் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது டிஸ்க் அவருடைய விண்டோஸ் லேப்டாப்பில். "என்னவோ ஃபார்மட் பண்ணினால்தான் திறக்கும் என்று கேட்டது மாப்பிள்ளை, சரி என்று கொடுத்தேன். இப்போது திறக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றுமில்லையே?"

அவர் மேல் தப்பு சொல்ல முடியவில்லை. கணினி பணிவாகக் கேட்டது, அவர் பணிவாகப் பதில் சொன்னார்.

குவிக் ஃபார்மட் என்பதால் உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும், தொடக்கம்தான் போயிருக்கும் என்று நினைத்தேன். ஈஎக்ஸ்டி4இன் முதல் சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் பகுதி) பார்ட்டிஷனின் முன்பக்கத்திலேயே இருக்கிறது, அதன் மேல்தான் என்டிஎஃப்எஸ் வந்து உட்கார்ந்தது. ஆனால் நகல் சூப்பர்பிளாக்குகள் உள்ளே பல இடங்களில் உண்டு. 4 கேபி பிளாக் என்றால் முதல் நகல் 32768ஆம் பிளாக்கில். அதைக் காட்டி இ2எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் நிரலை ஓட்டினேன். இரவு ஒரு மணிக்கு ஃபோல்டர்கள் தெரிய ஆரம்பித்தன. சில கோப்புகள் பெயரை இழந்து, வெறும் எண்களாக 'லாஸ்ட்+ஃபவுண்ட்' ஃபோல்டரில் கிடக்கின்றன. நாளை தொடர வேண்டும்.

6 மார்ச் 2023

இரண்டாவது இரவும் உட்கார்ந்து, லாஸ்ட்+ஃபவுண்டில் கிடந்த கோப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "இது பேக்கப்தானே?" ஆமாம். "அப்படியென்றால் அசல் எங்கே?"

அசல் பக்கத்து அறையில், நாஸில், ஒரு கீறல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

டிஸ்க்கை அழித்துவிட்டு ஆர்சிங்க்கைத் திரும்ப ஓட்டியிருந்தால் நான் தூங்கும்போதே முடிந்திருக்கும். 3 டிபிக்கு கிகாபிட் கேபிளில் எட்டு மணி நேரம் போதும். போனது பழைய தினசரி நகல்கள் மட்டும், அவற்றை நான் ஒருநாளும் திறந்ததில்லை. பதற்றத்தில் இருப்பவனுக்கு பேக்கப்பும் அசலாகத்தான் தெரிகிறது.

7 மார்ச் 2023

இப்போது உண்மையான தப்பு. அது மச்சானுடையது இல்லை, ஆகஸ்ட் 13 காலையில் நான் எழுதியது.

ஜிபிடி டேபிளில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் 'இது என்ன வகை' என்று ஒரு நீண்ட அடையாள எண் உண்டு. ஃபைல் சிஸ்டம் வேறு, இந்த எண் வேறு. பெட்டியிலிருந்து வரும் டிஸ்க்கில் இருப்பது விண்டோஸின் சாதாரண டேட்டா பார்ட்டிஷன் என்ற எண், ஜிடிஸ்க் நிரல் 0700 என்று காட்டும். நான் என்ன செய்தேன்? டேபிளைத் தொடாமல் அதன் மேல் ஈஎக்ஸ்டி4 அடித்தேன். உள்ளே லினக்ஸ், வாசலில் பலகை மட்டும் விண்டோஸ். விண்டோஸ் பலகையைப் பார்த்தது, 'நம்ம வீடு' என்று டிரைவ் எழுத்து கொடுத்தது, கதவைத் திறந்தது, உள்ளே ஒன்றும் புரியவில்லை, 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது.

லினக்ஸுக்கென்று தனி எண் உண்டு, ஜிடிஸ்க்கில் 8300. அதைப் போட்டிருந்தால் விண்டோஸ் அந்தப் பார்ட்டிஷனுக்கு எழுத்தே கொடுக்காது, அந்தக் கேள்வியும் கேட்காது. லினக்ஸ் ஒரு காலத்தில் இந்த விண்டோஸ் எண்ணையே தன் டேட்டாவுக்கும் பயன்படுத்தியது, இதே மாதிரி விபத்துகளால்தான் பிறகு தனி எண் வந்தது. பழைய கருவியில் வெட்டிய டிஸ்க் வைத்திருப்பவர்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எண்ணை மட்டும் மாற்றலாம், டேட்டாவைத் தொடாது. ஜிடிஸ்க்கில் ஒரு எழுத்து, பிறகு 8300, பிறகு எழுதிச் சேமிப்பு. அவ்வளவுதான்.

ஆகவே தம்பி, ஆகஸ்டில் நான் சொன்னபடி செய்திருந்தால் இன்றே மாற்றுங்கள். புதிதாகச் செய்பவர்கள் பழைய டேபிளைத் துடைத்துவிட்டு, புது ஜிபிடி போட்டு, 8300 வகையில் வெட்டி, அப்புறம் ஃபார்மட் செய்யுங்கள். ஐந்து நிமிடம் ஆறு நிமிடம் ஆகும்.

19 மார்ச் 2023

"வெட்ட வேண்டாம் என்று சொன்னவர் நீங்கள், இப்போது வெட்டச் சொல்லப்போகிறீர்கள்" என்று ஒருவர் கிண்டல். ஆமாம், சொல்லப்போகிறேன்.

நான்காக வெட்ட வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ஒரு துண்டு நிரம்பி வழியும், பக்கத்துத் துண்டு காலியாக இருக்கும், டிஸ்க் செத்தால் நான்கும் சேர்ந்தே சாகும். ஆனால் விண்டோஸில் டிரைவ் எழுத்தே வராத டிஸ்க்கைப் பார்ப்பவர் அது செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவார். அந்த ஆள் மச்சானாக இருக்கலாம், நான் இல்லாத ஒரு நாளில் என் மகளாகவும் இருக்கலாம். ஒரு வாசகர் சொன்ன வழி பிடித்திருந்தது: முன்னால் 1 ஜிபியில் ஒரு சின்ன எக்ஸ்ஃபேட் பார்ட்டிஷன், மீதி முழுவதும் ஈஎக்ஸ்டி4. சின்னதில் ஒரே ஒரு கோப்பு, பெயர் 'முதலில் இதைப் படிக்கவும்'. உள்ளே: இது பேக்கப், மீதி இடம் லினக்ஸில்தான் தெரியும், எந்த லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்தாலும் திறக்கலாம், ஃபார்மட் செய்யாதீர்கள்.

எக்ஸ்ஃபேட்டை அவ்வளவு திட்டியதற்கு மன்னிப்பு. வாசல் திண்ணைக்கு நல்லது.

23 ஜூலை 2023

பாதை மாறிப் போகிறேன், ஆனால் தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இது தேவை.

அப்பா பழைய ஃபோட்டோக்களை ஸ்கேன் செய்து பென் டிரைவில் தருகிறார். பெயர் வைப்பது என்றால் அவருக்குக் கடிதம் எழுதுவது போல: யார், எந்த ஊர், யார் கல்யாணம், பின்னால் நிற்பவர் யார், அவர் பிறகு என்ன ஆனார் என்பதுவரை. பென் டிரைவ் எக்ஸ்ஃபேட், அதில் பெயருக்கு 255 குறிகள்வரை இடம். நாஸில் ஈஎக்ஸ்டி4, அதில் 255 பைட். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழில் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கோ' என்பது நமக்கு ஓர் எழுத்து, அதற்கு இரண்டு குறிகள், 6 பைட். ஆக 85 குறிகளோடு நின்றுவிடும். அப்பா அதற்குள் இரண்டாவது பெரியப்பாவைத்தான் அறிமுகப்படுத்தியிருப்பார்.

பதினொரு ஃபோட்டோக்கள் நாஸுக்கு வரவேயில்லை. ஆர்சிங்க் சத்தமில்லாமல் 23 என்ற எண்ணோடு முடிந்திருக்கிறது, 'கொஞ்சம் விட்டுப்போயிற்று' என்று அர்த்தம். எண் 0 இல்லையென்றால் எனக்கு மெயில் வரும்படி இப்போதுதான் செய்தேன்.

அக்காவின் பழைய மேக்கிலிருந்து இன்னொன்று. 'கோயில்' என்ற ஃபோல்டர் இரண்டு வந்தது, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டம் 'ோ' என்பதை 'ே', 'ா' என்று பிரித்து வைக்கும். லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். ஆகவே இரண்டு கோயில். ஆர்சிங்க்கில் எழுத்து மாற்றும் ஐகான்வ் விருப்பத்தைப் போட்டபின் ஒன்றாகிவிட்டது.

14 ஜனவரி 2024

"16 டிபி எஸ்எஸ்டி மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா" என்று கேட்டவருக்கு: வேண்டாம். உள்ளே 64 ஜிபியோ 128 ஜிபியோ கார்டு இருக்கும், 16 டிபி என்று பொய் சொல்லும்படி திருத்தியிருப்பார்கள். நிரம்பியபின் வருவதைப் பழையதன் மேலேயே எழுதும், அல்லது எங்கும் எழுதாது. ஏற்கெனவே வாங்கிவிட்டால் எஃப்3 என்ற கருவியால் சோதித்துப் பாருங்கள். பொங்கலுக்கு முந்தைய நாள் கெட்ட செய்தி சொல்ல நேர்ந்தது.

18 ஆகஸ்ட் 2024

இரண்டு வருடம் கழித்துத் தம்பி எழுதியிருக்கிறார். எண்ணை 8300 ஆக்கிவிட்டாராம், 8 டிபி நிரம்பப்போகிறதாம், அடுத்தது என்ன வாங்கலாம் என்கிறார். 2.5 அங்குலம் வேண்டாம். பெரிய கொள்ளளவில் அவை பெரும்பாலும் எஸ்எம்ஆர், கூரை ஓடு போலத் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதுபவை. முதல்முறை நிரப்பும்போது வேகமாகத்தான் போகும். பழைய நகல்களை அழித்து அழித்து எழுத ஆரம்பித்தபின் என் 4 டிபி, நொடிக்கு 20 எம்பிக்கு இறங்கிவிட்டது.

நேற்று மச்சான் வந்திருந்தார். நான் சமையலறையில் இருந்தபோது அதே டிஸ்க்கை அதே லேப்டாப்பில் செருகியிருக்கிறார். இந்த முறை ஃபார்மட் கேள்வி வரவில்லை. சின்னப் பார்ட்டிஷன் மட்டும் திறந்திருக்கிறது, அந்த ஒரே கோப்போடு. அதை அவர் படிக்கவில்லை. கொள்ளளவைப் பார்த்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, 8 டிபி என்று சொல்லி உன்னிடம் 1 ஜிபியைத் தலையில் கட்டிவிட்டான்."